ஜன்னலுக்கு அந்தப் பக்கத்து ஸ்டூல்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். இருந்தும் நாலு பேர் முன்னால் பேச வராது. பூங்காவனம் அக்காவின் படத்திறப்பு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய தம்பி கேட்டார். அக்கா மறைத்து வைத்திருந்த நோயைச் சொல்லாமல் எழுத முடியாதே என்றேன். "எழுதும்மா. இனிமே யாருக்கு மறைக்கணும்?" என்றார்.

செய்தி வந்தபோது கூட்டேரிப்பட்டில் திண்டிவனம் பேருந்துக்காக நின்றிருந்தேன். "அக்கா விடியக்காலம் போயிடுச்சும்மா" என்று அந்தத் தம்பிதான் போனில் சொன்னார். பேருந்து வந்தது. ஏறி, வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். நான் ரிப்போர்ட் அடிப்பவள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் சேர்ந்த முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்வோம். அவர் மட்டும் டப்பாவோடு பின்பக்க வராந்தாவுக்குப் போய்விடுவார்.

"மகாராணி சோத்துல நம்ம கண்ணு பட்டுடுமாம்" என்பார் ரத்தம் எடுக்கும் சுமதி. அக்கா சிரித்துக்கொண்டே போவார்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் காலனிப் பெண். என்னோடு உட்கார்ந்து சாப்பிடாதவர்களைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். இவரும் அப்படித்தான் என்று முடிவுகட்டினேன். இருந்தாலும் அண்ணன் குழந்தையின் காதுகுத்துக்கு அழைத்துப் பார்த்தேன். "வர முடியாதுடி, தப்பா எடுத்துக்காத" என்றார். காரணம் சொல்லவில்லை. அதன்பின் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

சென்னைக்கு அனுப்பும் மாதிரிகளின் முடிவுகளை நான்தான் அச்சிடுவேன். ஒருநாள் அதில் அவருடைய பெயர் இருந்தது. கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்திருந்தார்கள். மிகவும் குறைவு. தாளோடு திரும்பினால் கதவருகே அவரே நிற்கிறார்.

"பாத்துட்டியா?"

"வெள்ளை அணு சரியாத்தானேக்கா இருக்கு?"

"எண்ணிக்கையெல்லாம் சரிதான். ஸ்டேஷன்ல போலீசு நெறைய இருக்காங்க, கையில லத்திதான் இல்ல. தடுப்பூசி போட்டு ஒரு மாசம் கழிச்சுப் பாத்தாங்க, உடம்பு ஒண்ணுத்தையும் கத்துக்கல. உனக்கு வந்தா நாலு நாள் சளி. எனக்கு நெஞ்சுல எறங்கிடும். அதான் கும்பல்ல குந்திக்கினு சாப்பிடறதில்ல."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"சீக்குக்காரின்னு பேரு வந்தா வேலைக்கு வெச்சுக்குவாங்களா? நீ இன்னான்னு நெனச்சுக்கினு இருந்த?"

நினைத்ததைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துவைத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த வாரம் என்கூட விழுப்புரம் வா" என்றார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர் விடுப்பு எடுப்பது அங்கே மருத்துவமனைக்குப் போகத்தான் என்று அன்று தெரிந்தது. சிறிய கண்ணாடிப் பாட்டிலிலிருந்து அந்தப் புரதம் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முடிய அரைநாள் ஆனது. இருவரும் முகக்கவசம் போட்டிருந்தோம்.

"இது ஆயிரக்கணக்குல ஜனங்க குடுத்த ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுத்ததுடி. எந்த ஊரு, எந்தத் தெருன்னு எழுதியிருக்கா பாரு."

நான் உண்மையாகவே எழுந்துபோய்ப் படித்தேன். காலாவதித் தேதிதான் இருந்தது. அக்கா முகக்கவசம் நழுவும்படி சிரித்தார்.

மறுநாள் என் மேசையருகே இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன். அதற்கு வெளியேதான் அவர் உட்காரும் வராந்தா. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் வெளியே, நான் உள்ளே. இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் சாப்பிட்டோம்.

"இன்னாடி இன்னிக்கு?"

"கருவாட்டுக் கொழம்புக்கா."

"வாசனை வந்துடுச்சு. அது போதும், நீ தின்னு."

எனக்குச் சளி பிடித்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் டப்பாவைத் தூக்கி, உள்ளே இருப்பதைக் காட்டுவார்.

இந்த மழைக்காலத்தில் நிமோனியா வந்தது. யாரிடமிருந்து தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. விழுப்புரத்தில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். வழியிலேயே எனக்குத் தொண்டை கரகரத்தது. வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கதவில் கண்ணாடிகூட இல்லை. வாங்கிப் போன சாத்துக்குடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, வெளியிலிருந்து போன் செய்தேன். இருமலுக்கு நடுவே கேட்டார்: "இன்னாடி சாப்பிட்ட?"

"இன்னும் இல்லக்கா" என்றேன். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசவும் இல்லை.

செய்தி வந்த அன்று மாலை, வீட்டில் கிடத்தியிருந்தபோது எல்லாரும் அவரைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் யாரோ தும்மினார்கள். என்னையறியாமல் நிமிர்ந்து பார்த்தேன். அவரை அத்தனை பேர் நடுவில் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். போய் வாருங்கள், அக்கா.

கடைசியாக ஒன்று. இதை என்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்கிறேன்; நேரில் கேட்க வாய் வரவில்லை. ஜன்னலோரமே சாப்பிட்டுப் பழகிவிட்டது. உங்கள் வட்டத்துக்கு எப்படித் திரும்பி வருவதென்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டூல் இன்னும் வராந்தாவில்தான் இருக்கிறது. நாளை மதியம் யாராவது என்னைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.