ஒரே நெட்டில் வந்த மாப்பிள்ளை

என் தங்கை அம்புஜத்தைக் கட்டிய கணேசமூர்த்தி சிரிக்காத நாளை நான் பார்த்ததில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மிஷினோடு காலம் தள்ளியவர். மிஷின் நின்றாலும் சிரிப்பார், சூப்பர்வைசர் திட்டினாலும் சிரிப்பார். கூட வேலை பார்த்த டேரில் என்பவன்தான் அவருக்குக் கம்ப்யூட்டரில் அரட்டை அடிக்கிற பழைய சாட் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தான். அதில் எழுத்து மட்டும் போகும், படம் போகாது. ஓய்வு பெற்றதும் ஜோகுபாளையத்து வீட்டில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ள அதில் ஓர் அறை திறந்துவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டு வெளியேறிய அத்தனை பேரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். விடிந்ததும் ரோஜாப்பூ படம் அனுப்புகிறவர்கள் தொல்லை இல்லை பாருங்கள்!

ஆனால் அந்த நெட்வொர்க் ஒரு நொண்டிக் குதிரை. ஊருக்கு ஒன்றாக நிற்கிற கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கோத்து வைத்தது அது. நடுவில் ஒரு கண்ணி விட்டால் அறையே இரண்டாகப் பிளந்துவிடும். இந்தப் பாதிக்கு அந்தப் பாதி எழுந்து போனது போலத் தெரியும். அவர்களுக்கு நாம் போனது போல. மறுபடி ஒட்டிக்கொண்டால் எல்லோரும் திமுதிமுவென்று உள்ளே விழுவார்கள்.

யார் வந்தது, யார் போனது என்று குழம்பக் கூடாதே! அதற்காக அவர் ஒரு பாட் செய்தார். தானாகப் பேசும் புரோகிராம். 'வாசல்' என்று பெயர் வைத்தார். யார் நுழைந்தாலும் அவர் இன்னாருக்கு இன்ன முறை என்று அறிவிக்கும். முறைகளை நான் சொல்லச் சொல்ல அவர் ஏற்றினார்.

வம்பு அதில்தான் இருந்தது. புது மருமகனைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. ஆகவே வாசலும் கேட்கக் கூடாது என்றார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை நம் வீட்டுப் பெண்ணின் போன் இன்டர்நெட்டிலேயே வந்தால், அவள் வீட்டுக்காரர் என்று எடுத்துக்கொள்ளும்படி சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அவர் மகள் சஹானாவுக்கு அருண்குமாரைக் கட்டிக்கொள்ள ஆசை. அருண் என் மனைவியின் தங்கை மகன். முறைப்படி சரியான இடம். அம்புஜத்துக்கும் கணேசமூர்த்திக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது ஒருத்திதான். கணேசமூர்த்தியின் அக்கா லட்சுமம்மா, பொம்மனஹள்ளியில் இருப்பவள். எந்த நல்ல காரியமும் முதலில் அவள் காதில் விழ வேண்டும். தம்பி முறைக்காரன் ஒருவன் புதுவீட்டுக்கு அவளை இரண்டாவதாக அழைத்தான் என்று அந்தத் தெருப் பக்கமே போகாதவள். அவள் வேண்டாம் என்றால் சஹானாவும் செய்ய மாட்டாள். அத்தை தூக்கி வளர்த்த பெண்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறையில் நான் பேச்சைத் தொடங்குவதாக ஏற்பாடு. கணேசமூர்த்தி வீட்டில் அவர் போனோடு உட்கார்ந்தேன். நான் கூப்பிடும்வரை அருண் உள்ளே வரக் கூடாது. சஹானா எங்கோ தோழி வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"லட்சுமம்மாவுக்கு வணக்கம்" என்று எழுதினேன். டப்பென்று பாதி அறை காணோம். லட்சுமம்மா இல்லை, வாணியம்பாடிச் சொந்தக்காரர்கள் இல்லை, வாசலும் இல்லை.

வாசல் ஓடுகிற கம்ப்யூட்டர் கூடத்து மூலையில்தான் இருந்தது. அது மறுபாதியோடு கோத்திருந்ததால் அதன் திரையில் மட்டும் அந்தப் பாதி தெரிந்தது; பார்க்கலாம், எழுத முடியாது. எட்டிப் பார்த்த கணேசமூர்த்தி "மச்சான்!" என்று அலறினார். அதில் இப்படி இருந்தது:

"அருண் வந்திருக்கிறார். சஹானாவின் வீட்டுக்காரர். கணேசமூர்த்திக்கு மாப்பிள்ளை. லட்சுமம்மாவுக்குப் பிள்ளை முறை."

"தோழி வீடாம் தோழி வீடு! அவன் இவ போன் நெட்டுல வந்திருக்கான்" என்று அம்புஜம் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் போனில் அறை பிளந்ததைப் பார்த்ததும் பையன் பதறி உள்ளே குதித்து, அந்தப் பாதியில் போய் விழுந்திருக்கிறான்.

வாணியம்பாடிக்காரர்கள் வாழ்த்த ஆரம்பித்துவிட்டார்கள். கணேசமூர்த்தி பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"தொடாதீங்க! அங்க புள்ள தனியா மாட்டிக்கிட்டிருக்கான். என்ன ஆவுதுன்னாவது பாக்கலாம்" என்று அம்புஜம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லட்சுமம்மா வாயால் சொன்னால் அவள் போன் எழுதிக்கொள்ளும். எழுத்திலேயே அவள் குரல் கேட்டது.

"எனக்குத் தெரியாம எனக்கொரு புள்ளையா? எப்படா தாலி கட்டினே?"

"இன்னும் கட்டலை பெரியம்மா. வாசல் தப்பாச் சொல்லுது."

"அப்போ அவ நெட்டு உனக்கு எப்படி வந்தது?"

"பக்கத்துலதான் இருக்கா. அல்சூர்ல ஹோட்டல்ல இருக்கோம். என் டேட்டா தீந்துபோச்சு."

"அவ என்ன சாப்பிடுறா?"

"தோசை. அவ வடையை நான் தின்னுட்டேன்."

இந்தக் கூறுகெட்டவன் வடையை ஏன் சொல்கிறான்?

"என் தம்பி எங்கே? பேச வந்த பெரிய மனுஷன் எங்கே?"

"எல்லாரும் அறுந்து போய்ட்டாங்க பெரியம்மா. உங்ககிட்ட இன்னும் யாரும் கேக்கலை. நானே கேக்கறேன். சஹானாவை எனக்குக் குடுப்பீங்களா?"

கணேசமூர்த்தி முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றார். லட்சுமம்மாவின் பதில் வந்தது:

"இந்த வம்சத்துல எவனும் எங்கிட்ட நேரா வந்து பொண்ணு கேட்டதில்லைடா. முதல்ல பேசி முடிச்சிடுவானுங்க, அப்புறம் அக்கா அக்கான்னு வருவானுங்க. நீதான் முதல் ஆளு. குடுத்தேன் போ!"

அம்புஜம் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், சந்தோஷத்தில். அந்த நேரம் பார்த்து அறை ஒட்டிக்கொண்டது. எல்லோரும் உள்ளே விழுந்தார்கள். வாசல் ஒவ்வொருவர் முறையையும் முதலிலிருந்து கூவத் தொடங்கியது. சஹானா வந்ததும் "அருணின் மனைவி" என்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, நாலு நாளாக மனப்பாடம் செய்த பேச்சை விடலாமா என்று நானும் எழுதினேன்: "நம் வீட்டு சஹானாவுக்கு ஒரு நல்ல வரன்..."

"நீ லேட்டு. நாங்க பேசி முடிச்சாச்சு. இன்னைக்கே பூ வைக்கிறேன்" என்றாள் லட்சுமம்மா.

சொல்வதையெல்லாம் போன் எழுதிக்கொள்வதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. படி இறங்கியது, பூக்காரியோடு சண்டை போட்டது, ஆட்டோவில் ஏறியது, சீக்கிரம் போகச் சொல்லி ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் விரட்டியது, எல்லாம் அறையில் வந்துகொண்டே இருந்தது. "ஜோகுபாள்யக்கெ நடியப்பா, பேக! நம்ம பொண்ணுக்குப் பூ வைக்கணும். என்னது, டொம்ளூர்ல டிராபிக்கா? சந்துல விடு!"

கணேசமூர்த்தி லுங்கியோடு வேட்டி தேடி ஓடினார். அம்புஜம் போனில் கத்தினாள்:

"ஏய் சஹானா! கை கழுவுனியோ இல்லையோ, அந்தப் பையனையும் இழுத்துக்கிட்டு ஓடி வாடி. பூ வந்துக்கிட்டிருக்கு, வைக்கத் தலை வேணாமா?"