கேட்காமல் விட்ட வீடுகள்

மருத்துவர்களுக்குப் பாடம் நடத்துவதைப் போல எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. நோயாளிகளாவது தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே மேசைக்குக் கீழே போனைப் பார்ப்பார்கள். நான் ராஜபாளையத்தில் மகப்பேறு மருத்துவம் பார்க்கிறவள். சில ஆண்டுகளாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூடத்தில், சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களின் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். அது ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது, அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது, வராமல் தடுக்க ஊசி இருக்கிறது, முப்பது வயதைத் தாண்டிய பெண்களைத் தொந்தரவு எதுவும் இல்லாதபோதே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொத்தப் பாடமே இவ்வளவுதான். இதற்கு எதற்கு ஒரு நாள் முழுக்க என்று முதலில் நானும் நினைத்தேன்.

முதல் வகுப்பிலேயே புரிந்துவிட்டது. "இங்கே இருக்கிற பெண்களில் எத்தனை பேர் இந்தப் பரிசோதனையை எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. பிறகு தடுப்பூசிக்கு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு டாக்டர் எழுந்தார். "மேடம், எம் பொண்ணு நல்லாப் படிக்கிற பிள்ளை. வீடு விட்டா ஸ்கூலு. அவளுக்கு எதுக்கு இந்த ஊசி?" என்றார். எம்.பி.பி.எஸ். படித்தவர். "போலியோ சொட்டு மருந்து போட்டீங்களே, பிள்ளை படிக்காதுன்னா போட்டீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மகளுக்கு ஊசி போட்டாரா என்று தெரியாது.

பாடத்துக்கான படங்களை யாரோ மேலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு படத்தில், நோய் வருவதற்கான காரணங்களில், ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு உறவு என்பது முதலில் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, "இதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஒரே புருஷனோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கும் வரும், வைரஸ் எப்போதோ வந்து பத்துப் பதினைந்து வருடம் சத்தமில்லாமல் கிடக்கும்" என்று தொண்டை வறளச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு நர்ஸ் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டாள். முப்பதுகளில் இருக்கும் பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னது அவள் ஒருத்திதான். போகும்போது அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சில மாதங்கள் கழித்து அதே கூடத்தில் மறுபடியும் கூடினோம். நிறையப் பெண்களுக்குப் பரிசோதனை செய்திருந்தார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. எலுமிச்சை சோறு சாப்பிட்டு, பாதிப் பேர் கண் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: "வரமாட்டேன்னு யார் சொல்றாங்க?"

வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூத்த நர்ஸ் ஒருவர் பதில் சொன்னார். "மாட்டேன்னு சொல்றவுக கம்மிதான் மேடம். நாம கேக்க முடியாத வீடுகதான் கொஞ்சம் இருக்கு."

"அதென்ன கேக்க முடியாத வீடு?"

"பட்டாளத்து வீடுக மேடம். அந்த வீட்டு ஆம்பளைக வருசத்துக்கு ஒருக்கா லீவுல வாராக. அந்தப் பொம்பள புள்ளைகள வச்சுக்கிட்டுத் தனியா கெடக்கு. அதுகிட்டப் போயி, இது உறவால பரவுற கிருமி, வந்து டெஸ்ட் எடுத்துக்கோன்னு எப்படிச் சொல்றது? அசிங்கமா நெனைக்காதா? புருசன் இல்லாதவுகளையும் அதே மாதிரிதான் விட்டுட்டோம். பாவம், அவுக மனசு நோகக் கூடாதுல்ல."

கூடம் முழுக்கத் தலைகள் ஆடின. இந்த முறை யாரும் நடிக்கவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டு செய்ததும் இல்லை. இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போனவர்கள் இருப்பார்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் எல்லோருக்கும் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையின்படி ஒவ்வொருத்தியும் அவளவள் ஊரில் அந்த வாசல்களைக் கேட்காமல் தாண்டிப் போயிருக்கிறாள். நான் வந்து பாடம் நடத்தாமல் இருந்திருந்தால், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கூப்பிடுவது போல இதற்கும் கூப்பிட்டிருப்பார்கள். வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொண்டதால்தான் விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று ஆகிவிடும். அன்றும் ஆனது. "யாருக்கு மரியாதை? மரியாதை கொடுத்தால் கேன்சர் வராதா?" என்று கத்தினேன். பாதித் தூக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த என் கெட்டிக்கார நர்ஸ் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை.

வகுப்பு முடிந்து நான் காரை நோக்கிப் போகும்போது அவள் பின்னாலேயே வந்தாள். "மேடம், செத்த நேரம் பேசணும்" என்றாள். முகம் செத்துப்போயிருந்தது. அவளுடைய அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறார். அண்ணி, அவள் வாயில் மதினி, செட்டியார்பட்டியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். இவள் வேலை பார்க்கும் பகுதியே அதுதான். மதினிக்குச் சில மாதங்களாக நடுநடுவே ரத்தம் படுகிறது.

"மாசத் தீட்டு நிக்கிற வயசு வருதுன்னு நெனச்சோம் மேடம். மதினியும் பெருசா சொல்லல."

"பரிசோதனை பண்ணலையா? உன் கையில்தானே இருக்கு?"

"அண்ணன் வீடு மேடம். நான் போயி அதைக் கேட்டு, அதுல ஏதும் வந்துச்சுன்னா… அண்ணன் என்ன நெனைக்கும், ஊரு என்ன பேசும்? அதான் கேக்கல."

திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ராஜபாளையத்தில் என் அறைக்கு இருவரும் வந்தார்கள். நானும் மனதுக்குள் அவரை மதினி என்றே வைத்துக்கொண்டேன். நாற்பதைத் தொட்ட, நெடுநெடுவென்ற பெண். படுக்கையில் ஏறும்போதே, "ஒண்ணும் இருக்காது டாக்டரம்மா, இவதான் பயந்துக்கிட்டு கெடக்கா" என்றார். உள்ளே விளக்கை அடித்துப் பார்த்தேன். கர்ப்பப்பை வாய் இருக்க வேண்டிய இடத்தில் காலிஃபிளவர் போலக் கட்டி வளர்ந்திருந்தது. தொட்டால் ரத்தம். பரிசோதனை, தடுப்பூசி என்று நான் படம் போட்டுக் காட்டியதெல்லாம் இதற்கு வெகு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள். நர்ஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்தான் அவளுக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அன்றே எடுத்து அனுப்பிய சதைத் துணுக்கின் முடிவு நான் பயந்தபடியே வந்தது. அறுவை சிகிச்சைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மதுரைக்குப் போய்க் கதிர்வீச்சு எடுக்க வேண்டும், கூடவே மருந்தும் ஏற்ற வேண்டும். மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எட்டாவது படிக்கிற மக இருக்கா டாக்டரம்மா, அவளுக்கு அந்த ஊசியப் போட்டு விட்ருங்க" என்றார். அந்த வாரமே அத்தைக்காரியே ஊசி போட்டாள். அந்தப் பிள்ளை வலிக்கவில்லை என்று சொன்னதாம்.

அண்ணன் லீவு போட்டு வருவதற்கு முந்தின நாள் நர்ஸ் என்னிடம் தனியாக வந்தாள். "மேடம், கிருமின்னு மட்டும் அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க. உடம்புச் சூட்டுல வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள். என் வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன பெண், உடம்புச் சூடு என்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். பிறகு, எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்கிறேன் என்று சமாதானப்படுத்தினேன்.

அவர் வந்தார். ஒட்ட வெட்டிய முடி, நாற்காலியில் சாயாமல் உட்காருகிற பழக்கம். கதவுக்கு வெளியே தங்கை நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் நேராகவே சொன்னேன். வைரஸால் வருவது, குடும்பம் நடத்துகிற பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் வந்து தானாகப் போய்விடும், சிலருக்குப் போகாமல் தங்கிவிடும், யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருடத்தில் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு, அப்படியானால் இவளுக்கு எப்படி வந்தது என்ற அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"பொழச்சிருவாளா மேடம்?" என்று கேட்டார்.

அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. லீவை நீட்டித்து, மதுரையிலேயே இருந்து, கதிர்வீச்சு முடியும்வரை பார்த்துக்கொண்டார். பயந்த மாதிரி வீட்டில் ஒரு சண்டை இல்லை, ஊரில் ஒரு பேச்சு இல்லை. அது நர்ஸை ஆற்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் அன்றிலிருந்துதான் மெலிய ஆரம்பித்தாள். வராத ஒரு கேள்விக்குப் பயந்துதான் மதினியைக் கேட்காமல் விட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச காலம் மதினி நன்றாக இருந்தார். அண்ணன் வேலைக்குத் திரும்பினார். பிறகு கால் வீங்கியது, இடுப்பு வலி வந்தது, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நோய் மறுபடியும் வந்திருந்தது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியாக என்னிடம் வந்த அன்று, மாத்திரை வாங்க நாத்தனாரைக் கீழே மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும் கேட்டார்.

"இந்த டெஸ்டு அப்பவே இருந்துச்சா டாக்டரம்மா?"

"இருந்தது."

"அவ தெருத்தெருவாப் போயி எல்லாத்துக்கும் எடுத்தாளாமே. எங்கிட்ட மட்டும் கேக்கல. அண்ணன் சந்தேகப்படுமோன்னு பயந்துட்டேன் மதினின்னு காலைப் பிடிச்சிக்கிட்டு அழுதா. சரி, அழாதடின்னு சொல்லிட்டேன்." மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுக்காரவுக ஒரு வார்த்தை கேக்கல. அவிய மனசுல அந்தச் சந்தேகம் இல்ல. அப்ப யாரு மனசுல இருந்துச்சு? அவிய சந்தேகப்படுவாகன்னு பயந்தாளா, இல்ல அவளுக்கே எம்மேல ஒரு இது இருந்துச்சா?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றேன். சொல்லும்போதே குரலில் உறுதி இல்லை.

"எம்புட்டு நாளா ஒரே வீட்டுல பொழங்குறோம். அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது. நான் கேட்டா அவ தாங்க மாட்டா, அழுவா. நீங்க பேச்சோட பேச்சாக் கேட்டு எனக்குச் சொல்லுங்க."

சரி என்றேன். மாத்திரையோடு நாத்தனார் வந்து, முந்தானையைச் சரிசெய்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். மதினி அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு மெதுவாக வெளியே போனார்.

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மதினி இறந்துவிட்டார். செட்டியார்பட்டிக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வகுப்புகளில், காரணங்களை வரிசையாகப் போட்ட அந்தப் படத்தை நான் காட்டுவதில்லை. எடுத்தவுடனே, உங்கள் ஊரில் எந்த வீட்டைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள் என்றுதான் தொடங்குகிறேன். இப்போதும் சிலர் தலையைக் குனிகிறார்கள்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு வகுப்புக்கு அந்த நர்ஸும் வந்திருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு நான் பையை எடுத்து வைப்பதற்கு உதவி செய்கிற மாதிரி வந்து நின்றாள்.

"மேடம், அன்னைக்கு நான் மருந்து வாங்கப் போனப்ப, மதினி உங்ககிட்ட என்னையப் பத்தி ஏதும் சொல்லுச்சா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் இதைத்தான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"நீ அழக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

அவள் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீதியை நான் சொல்லவில்லை.