ஏழேகால் மணி வெளிச்சம்

பூச்சோங்கில் என் வீடு ஆறாவது மாடி. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குட்டை. மாலை ஏழேகாலுக்கு அதன் மேல் ஒரு வெளிச்சம் விழும். பத்து நிமிடம்தான், அப்புறம் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தை வரைந்து முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூட வைக்காமல் தூரிகையை எடுப்பேன். மழை பெய்த நாட்களில் வானத்தைத் திட்டிக்கொண்டே தோசை சுட்டேன்.

படத்தில் குட்டையும், கரையில் நான் கொண்டுபோய்ப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியும். அவ்வளவுதான். என் அக்கா பார்த்துவிட்டு, ஒரு ஆளையாவது போடேன், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றாள். நான் கல்யாணம் கட்டாமல் இருப்பதே அவளுக்குப் பாவம்தான். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் நேரத்தைவிட உசத்தியானது எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வரைந்தேன். என் தனிமையைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்காட்சிக்குப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஐம்பத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை! கண்காட்சி மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிரேம் போடக் கொடுத்தேன். பெரும்பாலும் சாமி படத்துக்கும் இறந்தவர் படத்துக்கும் பிரேம் போடும் கடை. எந்த இடம் என்று கடைக்காரர் கேட்டார். நான் தனியாக உட்காரும் இடம் என்றேன்.

கண்காட்சி அன்று மதியம் படத்தை வாங்கக் கடைக்குப் போனால், படத்துக்குச் சந்தன மாலை போட்டிருக்கிறது. அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிகிறது. மூன்று மாத வெளிச்சமும் அந்தச் சிவப்பில் காணாமல் போயிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்கு இதெல்லாம் என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அங்கிளுக்குத்தானே ஆன்டி? காலி நாற்காலிய பாத்ததும் எனக்கே மனசு கேக்கல. லைட்டு நானாதான் வெச்சேன்."

நல்ல மனுஷன்தான். ஆனாலும் விடவில்லை நான்.

"அங்கிள்னு யாரும் இல்ல, இருந்ததும் இல்ல. அது என் நாற்காலி. நான் நல்லாத்தான் இருக்கேன். கழட்டுங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டு மாலையை எடுத்தார். பிளக்கைப் பிடுங்கினார், பல்பு அணைந்தது. பிறகு இரண்டு எட்டு தள்ளி நின்று படத்தைப் பார்த்தார். கிட்டே வந்து பிரேமைத் திருப்பிப் பின்பக்கத்தையும் தடவினார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேனே ஆன்டி. தண்ணி மட்டும் எப்படி இன்னும் வெளிச்சமா இருக்கு?"

அந்த ஒரு கேள்விக்கு என் மூன்று மாதமும் தகும்.

"அது நான் போட்ட லைட்டு லா," என்றேன்.

பிரேமில் பல்பு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் தெரிந்தன. அடைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படத்தை நானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தேன்.