பந்தலைப் பிரித்தவள்

தகரக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருகிற சத்தம் அவள் தொண்டையில் பிறவியிலேயே இருந்தது. பெரிய அரசு மருத்துவமனையின் பின்பக்கத்தில், பிணவறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே இருக்கிற சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும், அவள் சோப்புத்தூள் கேட்டால் வெளிவாசல் காவலாளிக்குக் கேட்கும். அந்த வாய்க்குப் பயந்தே மேற்பார்வையாளர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியதாகப் பேச்சு. அவள் அதை மறுத்ததில்லை.

வேலை லேசுப்பட்டதல்ல. பிரசவ வார்டுத் துணி, அறுவை அரங்கின் பச்சைத் துணி, தீக்காய வார்டின் விரிப்பு என்று எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். ரத்தம் பட்டதைப் பச்சைத்தண்ணீரில் அலசாமல் நேரே வெந்நீரில் போட்டால் கறை அப்படியே உட்கார்ந்துவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. மருந்து நெடியில் கண் எரியும். விரல் இடுக்கில் தோல் உரியும். டாக்டர்கள் கோட்டுப் பையில் ஊசியை வைத்து அனுப்புவார்கள், குத்தினால் இவளுக்குத்தான். சேர்ந்த அன்றைக்குத் தற்காலிக வேலை என்றார்கள். அந்தத் தற்காலிகத்தில் அவளுடைய மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போயும் விட்டாள். வேலை மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருந்தது.

பழைய அரசாங்கத்திடம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்த்தான் சலவைக்கூடத்துப் பெண்கள் மருத்துவமனைக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கிழிந்தது, கழித்துப் போட்டது என்று கிடந்த பச்சை விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்துக் கூரையாகக் கட்டினார்கள். வேலை முடித்தவர்கள் பந்தலுக்கு வருவார்கள், பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போவார்கள். பந்தல் ஒரு நிமிடம் காலியாக இருந்ததில்லை. அப்போது ஒரு வக்கீல் தானாக வந்து சேர்ந்தார். தடித்த கண்ணாடி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, வாய் நிறைய அக்கா. பைசா வாங்காமல் வழக்குப் போட்டார். பந்தலில் போராட்டம் நடக்கிறவரை இவர்களை வேலையை விட்டு அனுப்பக்கூடாது, இந்த வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடை வாங்கினார். வாங்கி வந்த அன்று அவர்தான் எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

“அக்கா, இந்தப் பந்தல் நிக்கிற வரைக்கும் உங்க வேலையை எவனும் தொட முடியாது. மழையோ வெயிலோ, பிரிச்சுடாதீங்க.”

இதைச் சொன்னவர் அவர்தான். மறந்துவிடாதீர்கள்.

பிறகு தேர்தல் வந்தது. வக்கீலுக்கு எதிர்க்கட்சி சீட்டுக் கொடுத்தது. தகரக்காவின் தொண்டைக்கு வேலை வந்தது. அவள் தெருத்தெருவாகப் போய்க் கத்திய கத்தலுக்கு ஒலிபெருக்கியே வேண்டியிருக்கவில்லை. ஆட்சிக்கு வந்ததும் முதல் கையெழுத்து சலவைக்கூடத்துப் பெண்களுக்குத்தான் என்று வக்கீல் மேடைக்கு மேடை சொன்னார். அவளும் வீட்டுக்கு வீடு சொன்னாள். அவளோடு கூடவே சுற்றியவள் குட்டையம்மா. ஆள் தகரக்காவின் தோளுக்குக் கூட வரமாட்டாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தொட்டியில் கைவிட்டு நின்றவர்கள். புருஷனிடம் சொல்லாததைக்கூட ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள்.

கட்சி ஜெயித்தது. மந்திரிசபை பதவியேற்றதைச் சலவைக்கூடத்தில் ஒரு கைப்பேசியைச் சோப்பு டப்பாமேல் சாய்த்து வைத்து எல்லோரும் பார்த்தார்கள். அந்த மந்திரிசபையின் அழகைச் சொல்லவா? தனியார் பள்ளிக்கூடங்களாக நடத்திக் கொழித்தவருக்குக் கல்வி. லாரி முதலாளிக்குப் போக்குவரத்து. தலைவரின் மச்சானுக்குப் பொதுப்பணி. பழைய ஆட்சியில் மந்திரியாக இருந்துவிட்டுத் தேர்தலுக்கு முந்தின வாரம் கட்சி மாறிய ஒரு மகானுபாவருக்கு அதே பழைய இலாகா, நாற்காலி சூடு கூட ஆறவில்லை. இதையெல்லாம் பார்த்து இந்தப் பெண்களுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. ஏனென்றால் கடைசி வரிசையிலிருந்து வக்கீல் எழுந்து வந்து சுகாதார மந்திரியாகப் பதவியேற்றார். நம்ம தம்பி, நம்ம தம்பி என்று ஈரக்கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குட்டையம்மா அழுதே விட்டாள்.

அன்று சாயங்காலம் தகரக்காவின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. மந்திரியே பேசினார். தேன் ஒழுகப் பேசினார். இப்போது நடப்பது நம் அரசாங்கம், நம் அரசாங்கத்துக்கு எதிராக நம் பந்தலே நின்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா, முதல்வர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், நீங்களாகவே பிரித்துவிட்டால் எனக்கு எவ்வளவு மரியாதை என்றார். முதல் மந்திரிசபைக் கூட்டம் நாளை மறுநாள், முதல் கையெழுத்து என்னுடையது என்றார்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர், வாயைத் திறந்தால் காசு கொடுக்க வேண்டும் என்பது போல இருப்பார். அன்று திறந்தார்.

“கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பிரிங்க. என்ன அவசரம்?”

அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு யாரைத்தான் நம்பத் தெரியும், பழைய ஆட்சிக்கு ஓட்டுப் போட்ட ஆள்தானே, நாங்கள் ஜெயித்தது பொறுக்கவில்லை என்று தட்டை எடுக்கும்வரை விடாமல் பொரிந்தாள். அந்த மனிதர் கை கழுவிக்கொண்டு படுக்கப் போனார்.

மறுநாள் பந்தலிலும் இரண்டொருவர் தயங்கினார்கள். காலியாக விட்டதே இல்லையே, தம்பியே பிரிக்கக் கூடாதென்று சொன்னதாயிற்றே என்று குட்டையம்மாதான் முதலில் இழுத்தாள். அது பழைய ஆட்சியில் சொன்னது, இது நம் ஆட்சி, நன்றி கெட்டவர்களாக இருக்காதீர்கள் என்று தகரக்கா எல்லோர் வாயையும் அடைத்தாள். மருத்துவமனைக் கத்தரிக்கோலால் முதல் கயிற்றை அவள்தான் வெட்டினாள். பச்சைக் கூரை பொத்தென்று விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கட்சிக்காரன் ஒருவன் படம் எடுத்தான். போராட்டத்தைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டார்கள் என்று மறுநாள் காலை செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. அவளும் ஆசையாக ஒரு பிரதி வாங்கினாள்.

அன்று மத்தியானமே மந்திரிசபையின் முடிவுகளைத் தொலைக்காட்சியில் படித்தார்கள். முந்தைய ஆட்சியின் ஊழலை விசாரிக்க ஒரு குழு. எல்லா அரசுக் கட்டடங்களுக்கும் புதுச் சாயம். மந்திரிகளுக்குப் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் புதுக் கார்கள். பிறகு, மருத்துவமனைகளை நவீனமாக்குவது. துணி வெளுப்பது, சமைப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாவற்றையும் அடுத்த மாதத்திலிருந்து ஒரே நிறுவனத்திடம் கொடுத்தாயிற்று, ஊருக்கு வெளியே அவர்களுக்குப் பெரிய சலவைத் தொழிற்சாலை இருக்கிறது, துணி அங்கே போய் வரும். இப்போதிருக்கிற தற்காலிகப் பணியாளர்கள் வயதும் தகுதியும் இருந்தால் நிறுவனத்திடம் மனுப் போட்டுக்கொள்ளலாம். வயது என்றால் முப்பத்தைந்துக்குள். சலவைக்கூடத்தில் முப்பத்தைந்துக்குள் இருந்தது இயந்திரங்கள் மட்டும்தான். முதல் கையெழுத்தைச் சொன்னபடியே போட்டுவிட்டான். இவ்வளவு நேரம் அவர் இவர் என்று மரியாதையாகச் சொல்லி வந்தது போதும், இனிமேல் வாய் வராது.

தகரக்கா அவனைப் பார்க்கப் போனாள். பந்தலில் இவர்களோடு தரையில் உட்கார்ந்து அவித்த முட்டையைப் பங்கு போட்டுத் தின்றவன். இப்போது இரண்டு அறை தாண்டி, மூன்றாவது அறையில் இருந்தான். நடு அறையில் ஒருவன் என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்டுவிட்டு, பதிலை வாங்காமலே உட்காரச் சொன்னான். அவள் அங்கேயே, உட்காராமலே, தம்பி என்று ஒரு குரல் கொடுத்தாள். உள்கதவு உடனே திறந்தது. அவமானத்துக்குப் பயந்துதான் திறந்தது, பாசத்தில் இல்லை.

அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இது கொள்கை முடிவு, தனி ஆளாக நான் என்ன செய்ய, முதல்வர் விருப்பம், கஜானா காலி என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்து வைத்தான். நீதிமன்றத் தடை இருக்கிறதே என்றாள் அவள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“அது போராட்டம் நடக்கிற வரைக்கும்தான்க்கா. நீங்களே விலக்கிக்கிட்டீங்களே. பேப்பர்ல படமே வந்திருக்கு.”

“பிரிக்கச் சொன்னது நீதானே?”

“ஃபோன்ல பேசினதுக்கெல்லாம் சட்டத்துல என்ன மதிப்புக்கா இருக்கு?”

நாக்கு அழுகிப் போக. பந்தல் ஒரு நிமிடம் காலியாகாமல் எத்தனை பேர் தூக்கத்தைத் தொலைத்துக் காத்தார்கள், பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காத்தவள் கூட உண்டு. அதைத் தன் கையாலேயே வெட்டிப் போட வைத்தவன் எதிரே உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறான். அவன் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான். நிறுவனத்தில் பேசிவிட்டானாம். அவளுக்கு மட்டும் மேற்பார்வையாளர் வேலை, வயதைப் பார்க்க மாட்டார்கள், தண்ணீரில் கை வைக்க வேண்டாம். பழகின கடனுக்கு இதாவது செய்யாமல் இருப்பேனா என்றான்.

“மத்தவளுங்க?” என்றாள்.

“எல்லாருக்கும் ஒரே நாள்ல செய்ய முடியுமா?”

“உன் வேலையில காறித் துப்ப. எனக்கு வேண்டாம்.”

இதை அவள் கத்திச் சொல்லவில்லை. நடு அறைக்காரனுக்குக் கூடக் கேட்டிருக்காது. பிறந்ததிலிருந்து அவள் மெதுவாகச் சொன்னது அது ஒன்றுதான், யாருக்கும் கேட்காமல் போனதும் அது ஒன்றுதான்.

திரும்பி வந்தவள் நடந்ததைச் சலவைக்கூடத்தில் சொன்னாள். அவன் ஏமாற்றிவிட்டான் என்றாள், பந்தலை மறுபடி போடுவோம் என்றாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தால் அந்த வெற்றிடத்தைச் சுற்றி அதற்குள் தகரம் அடித்துப் பூட்டியிருந்தது, நிறுவனத்தின் லாரிகள் நிற்கப் போகிற இடமாம். மேற்பார்வையாளர் வேலையை நீட்டியதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் வலிக்கும், வேண்டாமென்று சொல்லியாயிற்று, இனி அதைப் பேசி என்ன என்று நினைத்தாள். பாவி, மற்ற எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கச் சொல்கிறவள் அதைப் போய் மறைத்தாள்.

கடைசி நாள் வந்தது. தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு எல்லோரும் கிளம்ப நின்றார்கள். நிறுவனத்து ஆள் ஒருவன் காரில் வந்து இறங்கினான். கையில் கண்ணாடித்தாள் பிரிக்காத ஒரு நீலக் கோட்டு. பெற்றவர்கள் வைத்த அந்தப் பெயரைச் சொல்லி யார் என்று கேட்டான். எல்லோர் கண்ணும் தகரக்காவிடம் போனது. அவன் சிரித்துக்கொண்டே வந்து கோட்டை அவள் கையில் வைத்தான்.

“மந்திரி சொன்னாரு மேடம். நாளையிலேர்ந்து நீங்கதான் சூப்பர்வைசர். போராட்டத் தலைவியே நம்ம பக்கம் வந்துட்டாங்கன்னு இன்னிக்குப் பேட்டியிலயும் சொல்லியிருக்காரு.”

அவள் கோட்டை அவன் காலடியிலேயே போட்டாள். எனக்கு வேண்டாமென்று அன்றைக்கே சொன்னேன் என்று கத்தினாள். இந்தத் தடவை காவலாளிக்குக் கேட்டது, பிரசவ வார்டுக்குக் கூடக் கேட்டிருக்கும். ஆனால் அந்தக் கத்தலிலேயே அன்றைக்கு என்ற வார்த்தையும் இருந்தது. குட்டையம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கேன்னா என்னைக்கு? பந்தலைப் பிரிச்சோமே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிதாண்டி. என் பொண்ணு மேல ஆணையா.”

“எங்ககிட்ட ஏன் சொல்லலை?”

பதிலுக்கு நிற்காமல் பெண்கள் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். தகரக்காவும் தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வாசலில் குட்டையம்மா திரும்பினாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் இல்லை, வெறுப்பு மட்டும்தான் இருந்தது.

“நீ எங்க வர்ற?”

“கயித்தை வெட்டினேன். அதுக்கு என்னை அடி, வாங்கிக்கறேன். கோட்டுக்குத் திட்டாதடி, அதை நான் கேக்கலை.”

“நீ கேக்கலைன்னு எனக்கும் தெரியும்,” என்றாள் குட்டையம்மா. “ஆனா அவன் எங்களையெல்லாம் விட்டுட்டு உன்கிட்ட மட்டும் கேட்டான் பாரு. அன்னைக்கு நீ வந்து அதைச் சொல்லியிருந்தா, நாங்க மறுபடியும் உன் பின்னாடி வந்திருப்போம்.”

சொல்லிவிட்டு அவள் மற்றவர்களோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். தகரக்கா கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனாள். பஸ் வந்ததும் எல்லோரும் ஏறினார்கள். அவளும் ஏறினாள். உட்கார இடம் இருந்தது, யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை நின்றே போனாள்.