மெழுகு ராணியின் கூந்தல்

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் மெழுகுப் பொம்மைக் கொட்டகை போட்டிருந்தார்கள். மனைவியோடு போனேன். உள்ளே புழுக்கத்தில் ராஜாக்களின் மூக்கு இளகி, சீழ் வடிவதுபோல் வழிந்துகொண்டிருந்தது. ராணியின் கூந்தல் மட்டும் கருகருவென்று இடுப்புக்குக் கீழே தொங்கியது.

கொட்டகைக்காரன் அதைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

“அம்புட்டும் அசல் முடி அண்ணே! கோயில்ல மொட்டை போடுற பொம்பளைக முடி. மொத்தமா வாங்கிருவோம்.”

“த்தூ! நீயெல்லாம் மனுசனாடா?” என்று கத்திவிட்டேன்.

காய்ச்சலில் கிடந்த எங்கள் மகன் பிழைத்ததற்காக, தை மாதம்தான் என் மனைவி தன் நீள முடியைச் சாமிக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ராணியின் கூந்தலைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.