கடைசி வீட்டுத் திருகு

மருமகள் கீசரைப் போட்டதும் குழாய் ஒருமுறை உறுமும். அந்தச் சத்தத்தில் எனக்கு இன்றும் பேச்சியம்மா அத்தையின் கைதான் ஞாபகம் வருகிறது.

வெள்ளைக்காரர் காலம். மதுரையில் ஒரு பஞ்சு மில்லை ஒட்டி, அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஐந்து வீடுகள். மில்லில் மிஞ்சும் நீராவி ஒரே குழாயில் வரும். வீட்டுக்கு வீடு ஒரு திருகு உண்டு. திறந்தால் தொட்டித் தண்ணீர் சூடாகும். முதல் வீடான எங்கள் தொட்டி கொதிக்கும். கடைசி வீட்டில் வெதுவெதுப்புக்கே வழியில்லை.

ஒரு மார்கழியில் கடைசி வீட்டுப் பேச்சியம்மா அத்தை பிள்ளை பெற்றிருந்தாள். பாயிலரில் வேலை பார்த்த அப்பா எல்லோரிடமும் சொன்னார்: "அம்புட்டுப் பேரும் பாதி மட்டும் தெறங்க. கடைசி வரைக்கும் சூடு போயிரும்."

பெண்களுக்கு அது போதவில்லை. பிள்ளை பெற்றவள் நன்றாகக் குளிக்கட்டும் என்று, ஒருத்திக்கொருத்தி சொல்லாமல், நாலு வீட்டிலும் முழுக்க மூடிவிட்டார்கள். அம்மாவும்தான். மொத்த ஆவியும் அத்தை திறந்த திருகில் சீறியது. அவள் வலது கை வெந்துபோனது.

அம்மா அழுதுகொண்டே ஓடினாள். "நல்லதுக்குத்தான மதினி செஞ்சீக," என்றாள் அத்தை.

மறுநாளிலிருந்து எல்லோரும் பாதிதான் திறந்தார்கள். ஐந்து தொட்டிக்கும் ஒரே சூடு வந்தது. ஆனால் அத்தை அந்தத் திருகைத் தொடவே இல்லை. இடது கையால் விறகு தள்ளி வெந்நீர் போட்டாள். அந்தப் புகைக்கு நடுவேதான் நாங்கள் சுகமாகக் குளித்தோம்.

"மாமா, தண்ணி காஞ்சிருச்சு," என்கிறாள் மருமகள்.

நான் குழாயைப் பாதிதான் திறப்பேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.