முந்திரி டப்பாவில் அப்பாவின் வாட்ச்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் என் அப்பா டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதிச் சொல்லும் வேலை. முன்னால் நிற்கும் பஸ் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டால், பின்னால் நிற்கும் பஸ்ஸின் கண்டக்டர் அப்பாவின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார். அப்பா அசரமாட்டார். இடது கையைத் தூக்கி வாட்சைக் காட்டுவார். "பஸ் ஸ்டாண்டு கடியாரம் தப்பு. இதான் சரி." உண்மையில் அந்த வாட்ச் மெதுவாகத்தான் ஓடும். தினமும் காலையில் ரேடியோ செய்தி கேட்டுத் திருத்தி, சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வார். வெளியே தெரிந்தால் ஜில்லாவின் போக்குவரத்தே நின்றுபோகும் என்பது மாதிரி இந்த ரகசியத்தை வீட்டில் எல்லோரும் கட்டிக் காத்தோம்.

அப்பா போய், கருமாதி முடிந்த மறுநாள் பாகம் பிரித்தார்கள். பிரித்தார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. வீடு தம்பிக்கு. வண்டி தம்பிக்கு. தென்னை மரம் வீட்டோடு சேர்ந்தது என்பதால் அதுவும் தம்பிக்கு. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடலூரில் என்ன கேள்வி? கடைசியில் தம்பியே பெரிய மனது பண்ணி, அலமாரியிலிருந்து வாட்சை எடுத்து நீட்டினான்.

"ஓடாத வாட்சுக்கா. வச்சிக்கறதுன்னா வச்சிக்க, இல்லன்னா தூக்கிப் போட்டுடு."

மகாராசன்! வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்பா வீட்டிலிருந்து எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். அதை ஓட வைக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கடைக்காரர் மூடியைத் திறந்து, லென்ஸைக் கண்ணில் சொருகிப் பார்த்து, ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார். முதலில் மெயின் ஸ்பிரிங்கை மாற்றினார். ஓடியது. மழைக்காலம் வந்ததும் நின்றது. உள்ளே துரு என்று மொத்த மெஷினையும் மாற்றினார். பிறகு டயல், தண்ணீர் இறங்கிக் கறை பிடித்திருந்ததாம். பிறகு முள், கண்ணாடி, சாவி. கேஸும் அரித்துப்போயிருந்தது, அதுவும் போயிற்று. ஸ்ட்ராப்பை மட்டும் நானாகத்தான் மாற்றச் சொன்னேன். அப்பா வாராவாரம் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். அந்த எண்ணெயும் பஸ் ஸ்டாண்ட் வேர்வையும் ஊறி, கிட்டே கொண்டுபோனாலே நாற்றம்.

கழற்றியதையெல்லாம் கடைக்காரர் குட்டி பிளாஸ்டிக் கவர்களில் போட்டு என்னிடமே கொடுத்துவிடுவார். "நல்லதக் கழட்டிக்கிட்டான்னு ஜனங்க பேசுவாங்கம்மா." தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. காடாம்புலியூரிலிருந்து தம்பியின் மாமியார் வீட்டில் முந்திரி போட்டு அனுப்பிய டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் போட்டு வைத்தேன்.

ஒவ்வொன்றாக மாற்றும்போதும் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்வேன். அவனுக்குச் சிரிப்பு தாங்காது.

"டயலயும் மாத்திட்டியா? அப்புறம் அதுல அப்பா எங்கக்கா இருக்காரு? அது வேற வாட்சு. உன் காசுக்குப் புடிச்ச கேடு."

இப்படிச் சொன்னவன், அப்பாவின் வீட்டைத் தரைமட்டமாக இடித்துவிட்டுப் புதிதாக மாடி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒரு பழைய செங்கல்கூடக் கிடையாது. ஆனால் அது அப்பா வீடு, அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் பாட்டுக்கு வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். காலையில் சாவி கொடுத்ததும் அப்பா செய்வது போலவே காதில் வைத்துக் கேட்பேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் சிப்காட்டில் தம்பி வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். அவர் கையில் பரம்பரை வாட்ச், சாவி கொடுத்து ஓடுவது. ஆபீஸே வரிசையில் நின்று பார்த்து வியந்ததாம். அதுவரை போனோடு பேசும் வாட்சைக் கட்டிக்கொண்டு திரிந்த என் தம்பிக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே அல்வாவும் வாழைப்பழமுமாக வந்து நின்றான். என் வீட்டுக்காரரிடம், "மாமா, ரொம்ப இளைச்சிட்டீங்க" என்று வேறு கரிசனம்.

"அப்பா வாட்ச எடுத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா."

"என்னாத்துக்கு?"

"அப்பா பொருளு ஆம்பளப் புள்ளகிட்ட இருக்கறதுதான மொற? கிரகப்பிரவேசத்துக்குக் கட்டலாம்னு இருக்கேன். மேனேஜரும் வராரு."

வீடு போனபோது வாயைத் திறந்தேனா? வண்டி போனபோது திறந்தேனா? இந்த ஒன்றையும் பிடுங்க வந்துவிட்டானே, பாவி!

"மச்சான் கேட்டா குடுத்துடேன், எதுக்கு ஜாஸ்தி பேச்சு?" என்றார் என் வீட்டுக்காரர், அல்வாவைப் பிரித்துக்கொண்டே.

"குடுக்கறேன்" என்று உள்ளே போனேன். முந்திரி டப்பாவைக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தேன்.

"இந்தா, அப்பா வாட்சு. ஒரு ஸ்க்ரூ கொறையாது. நான் கட்டியிருக்கறது வேற வாட்சு. நீ சொன்னதுதான்."

அவன் டப்பாவையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் அல்வாவை விழுங்க மறந்துபோனார். பாகம் பிரித்த அன்று நான் பேசாமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பேசி முடித்த மாதிரி இருந்தது எனக்கு. இதற்காக இன்னும் எத்தனை ஸ்பிரிங் வேண்டுமானாலும் மாற்றியிருப்பேன்.

தம்பி டப்பாவைத் திறந்தான். விரிசல் விட்ட கண்ணாடி, கறை பிடித்த டயல், துருவேறிய மெஷின் என்று ஒவ்வொரு கவராக எடுத்து மேசையில் வைத்தான். கடைசியில் ஸ்ட்ராப். அதை வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.

"நாறும்டா" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. கருமாதியன்று சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றானே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், இப்போது குழந்தை மாதிரி விசும்ப ஆரம்பித்தான்.

"அப்பா வாசனக்கா. டூட்டி முடிச்சி வந்து தூக்குவாருல்ல, அதே வாசன."

நான் அதை வெடுக்கென்று பிடுங்கி மோந்து பார்த்தேன். ஐயோ, அப்பா. காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார். தம்பி என் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கி, பதமாகச் சுருட்டிக் கவருக்குள் வைத்தான். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கினான்.

"டேய், அந்த ஸ்ட்ராப்ப மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போடா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அதெப்படிக்கா? அப்பா வாட்சாச்சே. அதப் போயி பிரிக்கலாமா? முழுசா இருக்கட்டும்."

கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டப்பாவோடு கிளம்பிவிட்டான். கதவைச் சாத்திவிட்டு, என் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். புது ரெக்ஸின் வாசனைதான் வந்தது.